கரண்ட் வந்ததும் தண்ணீர் ஏற: சின்ன போர்டில் எர்லாங்

ரங்கூனில் கரண்ட் வந்தால் தெருவே "மீ லா பீ" (பர்மிய மொழியில் 'கரண்ட் வந்துவிட்டது') என்று கத்தும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும், அடுத்து எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நான் பகலெல்லாம் கடை கடையாகப் போய் பில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். வீட்டில் அம்மா மட்டும்தான். நான்கு மாடி இறங்கி சுவிட்ச் போட அவர் முட்டி கேட்பதில்லை. மோட்டார் தானாகவே ஓட வேண்டும் என்பதற்காகத்தான் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்ன கணினி போர்டு ஒன்றில், எர்லாங் என்ற நிரல் மொழியை ஓட்டும் வர்ச்சுவல் மெஷினான பீமை ஓடவிட்டேன். நீங்களும் செய்வதாக இருந்தால், நான் இடறிய இடங்களில் இடறாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

எர்லாங் ஏன்? எரிக்சன் நிறுவனத்தில் 1980களில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்காக உருவான மொழி அது. ஒரு அழைப்பு அறுந்தால் மற்ற அழைப்புகள் அறுந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. என் வேலையும் அப்படித்தான்: கரண்ட்டைப் பார்க்க ஒரு புரோசஸ் (பீமுக்குள் தனியாக ஓடும் சின்ன வேலை), டேங்க் ஃப்ளோட்டைப் பார்க்க ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. ஒரு புரோசஸ் தொடங்கும்போது 3 கிலோபைட்கூட எடுக்காது. போர்டில் இருக்கும் 512 மெகாபைட் நினைவகம் நமக்கு அரண்மனை.

போர்டின் மெமரி கார்டில் 64 பிட் ஓஎஸ்ஸைப் போடுங்கள். நிரலை சிப்பின் சொந்த மொழிக்கு மாற்றி வேகமாக ஓட்டும் பீமின் ஜிட் வசதி, 64 பிட் ஆர்ம் சிப்புக்கு எர்லாங்கின் 25ஆம் பதிப்பில்தான் வந்தது. அந்தப் பதிப்பில் 32 பிட் ஆர்முக்கு இல்லை. ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்புக்கான களஞ்சியத்தில் இருப்பதே 25தான். 'எர்லாங்' என்று மொத்தமாக நிறுவினால் திரையில் ஜன்னல் காட்டும் தேவையில்லாத நூலகமெல்லாம் கூடவே இறங்கும். 'எர்லாங்-பேஸ்' போதும்.

தொடங்கும்போது '+எஸ் 1:1', '+எஸ்பிடபிள்யூடி நன்' என்று இரண்டு கொடி (தொடக்க அமைப்பு) கொடுங்கள். முதலாவது, புரோசஸ்களை முறை வைத்து ஓட்டும் நான்கு ஷெட்யூலரை ஒன்றாகக் குறைக்கும். இரண்டாவது, வேலை இல்லாத நேரத்தில் ஷெட்யூலர் சும்மா சுற்றிக்கொண்டு காத்திருப்பதை நிறுத்தும். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுகிற போர்டுக்கு அந்தச் சுற்றல் வீண் செலவு.

இனி கடிகாரம். நான் அதிகம் தலையைப் பிய்த்துக்கொண்டது இதில்தான். இந்த போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. போன திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) சமயம் இன்வெர்ட்டரும் படுத்துவிட, போர்டு 4 மணி நேரம் செத்துக் கிடந்து, பழைய நேரத்தோடு எழுந்தது. கரண்ட் வந்து அரை மணி கழித்துத்தான் இணையம் வந்தது, லினக்ஸ் நேரம் சரியானது. ஆனால் என் பதிவேட்டில் மறுநாளும் நேரம் பின்தங்கியே இருந்தது. லினக்ஸைக் கேட்டால் மணி சரி, எர்லாங்கைக் கேட்டால் தப்பு!

காரணம் இதுதான். பீம் தொடங்கிய பிறகு ஓஎஸ் நேரம் குதித்தால், அது கூடவே குதிக்காது. இயல்பு நிலையில் தன் கடிகாரத்தை 1 சதவீதம் வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டி மெல்ல எட்டிப் பிடிக்கும். 4 மணி நேரப் பிழை தீர 400 மணி நேரம், அதாவது 16 நாளுக்கு மேல். '+சி மல்ட்டி_டைம்_வார்ப்' என்று கொடுத்தால் உடனே குதிக்கும். அப்படிக் கொடுத்த பிறகு, இரண்டு நிகழ்வுக்கு இடைப்பட்ட நேரத்தை, பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் டைமால் மட்டுமே அளக்க வேண்டும். இணைய நேரம் வரும்வரை பீமைத் தொடங்காமல் வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். இணையம் வராத நாளில் தண்ணீரும் வராது, வேண்டாம். பிறகு பேட்டரியில் ஓடும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றையும் மாட்டினேன். கார்டு கெடாமல் இருக்க, அதில் எதையும் எழுதாத ஓவர்லே ஃபைல் சிஸ்டம் போடுவீர்களானால் அந்தச் சில்லு கட்டாயம் வேண்டும். ஓவர்லேயில் கடைசியாகக் குறித்த நேரம்கூடத் தங்காது.

கரண்ட் வந்ததை எப்படி அறிவது? இன்வெர்ட்டரில் சேராத பிளக்கில் ஒரு பழைய போன் சார்ஜர். அதன் 5 வோல்ட்டை 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டால் பிரித்தால், 20க்குக் குறுக்கே 3.3 வோல்ட் கிடைக்கும். இதை இணைக்கும் போர்டின் ஊசிமுனை ('பின்') அதற்கு மேல் தாங்காது. 230 வோல்ட் பக்கத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள். மோட்டாருக்கு காண்டாக்டர் (பெரிய மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்ச்) வைத்து வயர்மேனை விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

பின்னைக் கவனிக்க லினக்ஸின் 'ஜிபிஐஓமான்' நிரலை, எர்லாங் வெளி நிரலோடு பேசும் 'போர்ட்' என்ற வசதி வழியாக ஓட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டேங்க் காலி, அம்மா கீழ் வீட்டு அக்காவிடம் வாளியில் வாங்கி வைத்திருக்கிறார். என் பிழையால் கவனிக்கும் புரோசஸ் செத்திருந்தது. அது சாகட்டும், செத்த புரோசஸைக் கவனித்து எழுப்புவதற்கென்றே எர்லாங்கில் இருக்கும் சூப்பர்வைசர் மறுபடி எழுப்பும். ஆனால் பழைய ஜிபிஐஓமான் சாகாமல் பின்னைப் பிடித்துக்கொண்டே இருந்தது. புதிதாக வந்தது 'பிஸி' என்று விழுந்தது. இயல்பாக 5 வினாடிக்குள் ஒரு தடவைக்கு மேல் எழுப்ப நேர்ந்தால் சூப்பர்வைசரே கைவிட்டுவிடும். அது போனதும் அப்ளிகேஷன், அதன் பின்னால் பீம், எல்லாம் வரிசையாகச் சரிந்தன.

இதற்கு இரண்டு வேலை செய்தேன். ஜிபிஐஓமானை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்தேன். எர்லாங் பக்க இணைப்பு மூடியதும் ஸ்கிரிப்ட் அதைக் கொன்றுவிடும். இரண்டாவது, புரோசஸ் தொடங்கும்போதே பின்னைத் தொடுவதில்லை. முதலில் எழுந்து நிற்கும், அப்புறம் முயலும், கிடைக்காவிட்டால் 5 வினாடி கழித்து மறுபடி முயலும். பீமே விழுந்தால் லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி எழுப்பட்டும் என்று எப்போதும் மறுதொடக்கம், 10 வினாடி இடைவெளி என வைத்திருக்கிறேன். இடைவெளி வைக்காவிட்டால் சிஸ்டம்டியும் நாலைந்து முறை பார்த்துவிட்டு விட்டுவிடும்.

கடைசியாக, கரண்ட் வந்த நொடியே மோட்டாரைப் போடாதீர்கள். அந்த நேரம் தெருவில் எல்லா வீட்டு மோட்டாரும் சேர்ந்து ஓடும், வோல்டேஜ் தடுமாறும். நான் 3 நிமிடம் காத்திருக்கும்படி வைத்திருக்கிறேன். நடுவில் கரண்ட் போனால் எண்ணிக்கை முதலிலிருந்து. அம்மாவுக்கு அந்த 3 நிமிடம்தான் பிடிக்கவில்லை. இன்னும் ஏறவில்லையே என்று அதற்குள் எனக்கு போன் வந்துவிடும்.