டக் டக் சத்தம்: கடைசியில் சிக்கிய டேப்பட்

2,40,000 கிலோமீட்டர் ஓடிய என் காரில், இன்ஜின் சூடான பிறகும் ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) 'டக் டக்' சத்தம் அடங்கவில்லை. ஆயில், ஃபில்டர் மாற்றினேன். இரண்டு நாள் குறைந்து மீண்டும் வந்தது. டேப்பட் என்பது, சுழலும் தண்டிலுள்ள கேம் அழுத்தும்போது வால்வைத் தள்ளித் திறக்கும் சிறு உருளை. அதன் இடைவெளியைச் சரிசெய்யலாம் என்றார் ஒரு மெக்கானிக். இது ஹைட்ராலிக் டேப்பட், ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும், நாம் சரிசெய்ய இடமே இல்லை. அதில் ஒரு நாள் போயிற்று. கேஜ் மாட்டிப் பார்த்தால் ஆயில் அழுத்தமும் சரியாகவே இருந்தது.

இன்ஜினின் மேல் கவரைத் திறந்து, கேமின் மூக்கு (புடைத்த பகுதி) டேப்பட்டை அழுத்தாமல் மேலே நிற்கும்போது ஒவ்வொரு டேப்பட்டையும் மரக்குச்சியால் அழுத்தினேன். ஒன்று மட்டும் எளிதாக அமிழ்ந்தது. அதைக் கழற்றியதும் முக்கியமான தடயம் கிடைத்தது: மற்றவற்றின் முகத்தில் தேய்மானம் வட்டமாக இருக்க, இதில் ஒரே நேர்கோடு. டேப்பட் சுழன்றுகொண்டே வேலை செய்ய வேண்டும், இது நின்றுபோயிருந்தது. அதன் கேமை மைக்ரோமீட்டரால் அளந்தேன், நல்லவேளையாகத் தேயவில்லை.

எட்டு டேப்பட்டுகளையும் மாற்றினேன். மாட்டியவுடன் இன்ஜினைச் சுற்றக் கூடாது. உள்ளே ஆயில் நிரம்பி உப்பியிருக்கும் டேப்பட் வால்வைத் திறந்தே பிடித்து, பிஸ்டனில் இடிக்க வைக்கலாம். அது அமிழ அரை மணி நேரம் காத்திருந்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகே ஸ்டார்ட் செய்தேன். சில நொடிகளில் சத்தம் நின்றது. அப்பாடா!