ஜன்னலுக்கடியில் இரும்பு ரேடியேட்டர்: பழைய வீட்டுக்குக் குடிவருபவர்களுக்கு

நியூயார்க்கின் குவீன்ஸிலோ பக்கத்து ஜெர்சி சிட்டியிலோ பழைய கட்டடத்தில் வீடு பிடித்திருக்கிறீர்களா? ஜன்னலுக்கடியில் வீட்டைச் சூடாக்கும் கனமான வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஒன்று இருக்கும். அக்டோபரில் ஒருநாள் விடியற்காலையில் அது உஸ்ஸென்று சீறும். சில வீடுகளில் குழாய்க்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம்கூட வரும். பயப்பட வேண்டாம். பேஸ்மென்ட்டில் பாய்லர் எரிகிறது, நீராவி மேலே ஏறி வருகிறது.

சீறுவது நீராவி இல்லை, காற்று. ரேடியேட்டரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வென்ட் இருக்கும். உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாக வெளியேறினால்தான் நீராவிக்கு இடம் கிடைக்கும். நீராவி பட்டதும் வென்ட் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் சீறிக்கொண்டே இருந்தாலோ தண்ணீர் துப்பினாலோ அது பழுது. சூப்பரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள் (கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரை இங்கே சூப்பர் என்பார்கள்).

கீழே இருக்கும் வால்வை ஒன்று முழுக்கத் திறங்கள், இல்லையென்றால் முழுக்க மூடுங்கள். பல வீடுகளில் ஒரே குழாயில்தான் நீராவி ஏறுகிறது, அது குளிர்ந்து ஆன தண்ணீரும் இறங்குகிறது. பாதி திறந்து வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அந்தச் சுத்தியல் சத்தத்துக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

நியூயார்க் நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி (20 செல்சியஸ்) இருக்க வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62. இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அப்புறமும் நடக்கவில்லையென்றால் நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311-ஐ அழையுங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தயங்கிக் குளிரில் கிடக்காதீர்கள்.

இனி, சொந்தமாகப் பழைய வீடு வாங்கியவர்களுக்கு. நான் உண்மையில் எழுத வந்ததே இதற்காகத்தான்.

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீடு நிலக்கரிக் காலத்தது. முதல் குளிர்காலத்தில் மாடி அறை சூடாகவில்லை என்று ஆள் கூப்பிட்டோம். அவர் பாய்லர் அழுத்தத்தை 5 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு) ஏற்றிவிட்டுப் போனார். சூடு கூடவில்லை, வென்ட்டுகள்தான் தண்ணீர் துப்பின. வீட்டு நீராவிக்கு 2 பிஎஸ்ஐக்குக் கீழேயே போதும். மாடி அறைக்குத் தேவைப்பட்டது அழுத்தம் இல்லை, காற்று வெளியேற வழி. பேஸ்மென்ட்டில் பெரிய குழாயின் கோடியில் இருந்த வென்ட் அடைத்துப் போயிருந்தது. அதை மாற்றியதும் மாடி சூடாகிவிட்டது.

அப்புறம்தான் பாய்லர் மேலிருந்த அளவுமானியைக் கவனித்தேன். பூஜ்யத்துக்கு இடப்பக்கமும் எண்கள் இருந்தன. அந்தப் பக்கம் வெற்றிடத்தின் அளவு.

சூடான சாம்பாரை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இறுக மூடி வைத்தால், ஆறினதும் மூடி திறக்க வராதே, அதேதான். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாகும். அது திரும்பத் தண்ணீராகும்போது அத்தனை இடமும் காலியாகிறது. சாதாரண வென்ட் அப்போது திறந்து காற்றை உள்ளே விட்டுவிடும். வெற்றிட வென்ட் காற்றை வெளியே மட்டும்தான் விடும், உள்ளே விடாது.

உள்ளே வெற்றிடம் இருந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஊட்டியில் அரிசி வேக நேரமாவதும் இதனால்தான். வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் அளப்பார்கள்: 10 அங்குல வெற்றிடத்தில் கொதிநிலை சுமார் 89 செல்சியஸ், 20 அங்குலத்தில் சுமார் 72. அந்தக் காலத்தில் வெற்றிட வென்ட் இருந்த வீடுகளில், நிலக்கரி இரவில் மெல்லத் தணியும்போதும் பாய்லர் நீராவி தந்துகொண்டே இருந்தது. ரேடியேட்டர்கள் விடியும்வரை கதகதப்பாக இருந்தன.

எண்ணெய், எரிவாயு பர்னர் வந்ததும் நிலைமை மாறியது. பர்னர் எரியும், சட்டென்று நிற்கும். நீராவி எல்லா ரேடியேட்டரையும் எட்டுவதற்குள் நின்றுவிட்டால், உள்ளே மிச்சமிருக்கும் காற்று வெற்றிடத்தில் உப்பி, குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும். சில அறைகளுக்கு நீராவி போகவே போகாது. அதனால்தான் பல வீடுகளில் வெற்றிட வென்ட்டுகளைக் கழற்றிவிட்டுச் சாதாரண வென்ட் போட்டார்கள்.

அப்படியும் வீட்டை வெற்றிடத்தில் ஓட்ட ஆசையிருந்தால், வென்ட் வாங்குவதற்கு முன் காற்று உள்ளே புகும் ஒழுக்கைத் தேடுங்கள். பாய்லர் எரியும்போது சோப்புத் தண்ணீரை ஒரு பிரஷ்ஷால் ஒவ்வொரு வால்வின் தண்டைச் சுற்றியும் தடவினேன். சமையலறை வால்வில் கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, கசிவைத் தடுக்க உள்ளே சுற்றியிருந்த பேக்கிங் கயிற்றை மாற்றி நட்டை இறுக்கினேன். அன்றிரவு பர்னர் நின்ற பிறகு அளவுமானி முள் இடப்பக்கம் நகர்ந்து நின்றதைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ரேடியேட்டர் வெகுநேரம் இளஞ்சூட்டில் இருந்தது.

இதைத் தாண்டிய மாற்றங்களை, நீராவி தெரிந்த, உரிமம் உள்ள ஆளிடம் விடுங்கள். வெற்றிடம் தண்ணீரைப் பாய்லரிலிருந்து குழாய்க்குள் இழுத்துவிடவும் கூடும். பாய்லரின் பக்கத்தில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்கு மேல் தெரிகிறதா என்று வாராவாரம் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் பர்னரை நிறுத்தும் கருவி மிதவை வகை என்றால், அதன் அடி வால்வைத் திறந்து சேற்றுத் தண்ணீரை வாளியில் பிடித்து வெளியேற்றுங்கள். கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லையா? பர்னரை அணைத்துவிட்டு முழுக்க ஆறவிடுங்கள். சூடான வெறும் பாய்லரில் குளிர்ந்த தண்ணீரை விட்டால் இரும்பு விரிசல் விடும்.

குழாயைச் சுற்றி வெள்ளையாக, மாவுக்கட்டு போட்டதுபோல ஏதாவது இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பிய்க்காதீர்கள், பெருக்காதீர்கள். படுக்கையறைப் பக்கத்தில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயம் வேண்டும். தவழும் குழந்தை இருந்தால் ரேடியேட்டருக்கு மரத்தாலோ உலோகத்தாலோ மறைப்பு போடுங்கள். அது கொதிக்கும் தண்ணீர் அளவுக்குச் சுடும்.

இட்லி மாவு பொங்கவில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று: ரேடியேட்டர் மேலே வைக்காதீர்கள், அடிமாவு வெந்துவிடும். இரண்டடி தள்ளி, ஒரு ஸ்டூலில், துணியால் போர்த்தி வையுங்கள். ஜனவரியிலும் காலையில் பொங்கியிருக்கும்.