ரக்பி களத்தில் எதிர்ப்பேச்சைக் கையாள்வதும் தண்டனையைத் தீர்மானிப்பதும்: புதிய நடுவருக்கு ஒரு வழிகாட்டி

ரக்பி ஆட்டம் நடக்கும் வேளையில், களத்தில் நடந்தது என்ன, அதற்குப் பொருந்தும் விதி எது என்ற இரண்டையும் தீர்மானிப்பவர் நடுவர் ஒருவரே. 9.28ஆம் விதி ஆட்டக்காரர்களின் கடமையைச் சொல்கிறது: நடுவரின் அதிகாரத்தை மதிக்க வேண்டும், அவருடைய தீர்ப்பை எதிர்த்து வாதாடக் கூடாது, விசில் ஒலித்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். விதிநூலில் இருப்பது இவ்வளவுதான். முப்பது பேர் மூச்சு வாங்க மோதிக்கொள்ளும் இடத்தில், காதில் விழுந்தது நியாயமான கேள்வியா, வெறும் எரிச்சலா, திட்டமிட்ட நச்சரிப்பா, வசையா என்று அரை நொடியில் பிரித்தறிவதற்கு அந்த வரிகள் போதாது. பள்ளி ஆட்டங்களிலும் கிளப் ஆட்டங்களிலும் புதிதாக விசில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அட்டையைப் பற்றியே யோசிக்கிறார்கள். எதிர்ப்பேச்சைப் பொறுத்தவரை அட்டை காலம் கடந்து வரும் கருவி. முதலில் பழக வேண்டியது பத்து மீட்டரை, அதாவது பெனால்ட்டி (விதிமீறலுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் உதை வாய்ப்பு) எடுக்கும் இடத்தை முன்னால் நகர்த்தும் தண்டனையை.

வேலை ஆட்டத்துக்கு முன்பே தொடங்குகிறது. நாணயம் சுண்டுவதற்கு முன் இரு கேப்டன்களிடமும், ஆட்டம் நின்றிருக்கும்போது அவர்கள் மட்டும் வந்து விளக்கம் கேட்கலாம் என்றும், மற்றவர்கள் தீர்ப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்றும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் பேசினால் அது உபதேசமாகிவிடும். உபதேசத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. “இன்று யாராவது வாயைத் திறந்தால் மஞ்சள் அட்டைதான்” என்று முன்கூட்டியே மிரட்டுவது அதைவிடத் தவறு. மூன்றாவது நிமிடத்திலேயே யாரோ ஒருவர் முனகுவார். அப்போது ஒன்று அளவுக்கு மீறித் தண்டிக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சொன்ன சொல்லை விழுங்க வேண்டியிருக்கும். ஸ்கிரம்-ஹாஃப் ஆடும் 9ஆம் எண்காரர்கள் மீது ஒரு கண் இருக்கட்டும். ஒவ்வொரு ரக்கிலும் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் நின்றபடி தள்ளிக்கொள்வது) பந்துக்கும் நடுவருக்கும் மிக அருகில் நிற்பவர்கள் அவர்களே என்பதால், மற்ற பதினான்கு பேரின் குறைகளும் பெரும்பாலும் அவர்கள் வாய் வழியாகவே வந்து சேரும்.

ஆட்டம் தொடங்கியபின், கேட்டதை எல்லாம் கேட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தண்டிக்கப்பட்ட ஃபிளாங்கர் (6 அல்லது 7ஆம் எண் முன்கள வீரர்) தரையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு தன்னைத்தானே நொந்துகொள்வது எதிர்ப்பேச்சு ஆகாது. ஒருவர் நடுவரை நோக்கித் திரும்பி இரு கைகளையும் விரிப்பதும், “எதற்கு?” என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி கத்துவதும், எதிரணி வீரருக்கு மஞ்சள் கொடுக்கச் சொல்லிக் கற்பனை அட்டையை ஆட்டிக் காட்டுவதும் வேறு வகை. அளவுகோல் ஒன்றே: அந்தச் செயல் மற்ற ஆட்டக்காரர்களிடம், தீர்ப்பை மாற்றிவிடலாம் அல்லது அடுத்த தீர்ப்பை வளைத்துவிடலாம் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறதா? உண்டாக்குமானால் அதை அப்படியே விட முடியாது. பல நாடுகளில் ஆட்டக்காரர்கள் நடுவரை ‘சார்’ என்று அழைக்கிறார்கள்; நல்ல வழக்கம்தான். ஆனால் எண்பது நிமிடமும் ‘சார்’ போட்டே நச்சரிப்பவர்களும் உண்டு என்பதால், மரியாதைச் சொல்லை மட்டும் வைத்து எடை போட வேண்டாம்.

முதல் முறை, ஓடிக்கொண்டே, எண்ணைச் சொல்லி, “ஏழு, போதும்” என்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் கடிகாரத்தை நிறுத்தச் சைகை காட்டிவிட்டு, கேப்டனை அழைத்து, “உங்கள் ஏழாம் எண் ஒவ்வொரு விசிலுக்கும் பதில் சொல்கிறார், அதை நீங்கள் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நான் நிறுத்த வேண்டியிருக்கும்” என்று, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும் குரலில் ஒரு தடவை சொன்னால் போதும். இப்படிச் சொல்வதால் பொறுப்பு கேப்டனிடம் போய்விடுகிறது. அதன்பின் வரும் தண்டனையை அவருடைய அணியே தங்கள் ஆள் இழுத்துவைத்த வினையாகப் பார்க்கும்.

மூன்றாவது முறை பத்து மீட்டர். பெனால்ட்டி கொடுத்த பிறகு தவறு செய்த அணி வாதாடினாலோ, பந்தைத் தூக்கி எறிந்து எதிரணியின் விரைவான தொடக்கத்தைத் தடுத்தாலோ, பெனால்ட்டிக் குறியைப் பத்து மீட்டர் முன்னால் நகர்த்தலாம். கோல் கோட்டுக்கு ஐந்து மீட்டருக்குள் மட்டும் அது போகக் கூடாது. இதற்கென்று ஒரு சைகையும் இருக்கிறது: கையை நேராக நீட்டி, விரல்களையும் கட்டைவிரலையும் வாய் பேசுவதுபோலத் திறந்து மூட வேண்டும். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் காரணம் புரிந்துவிடும். நடுவர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. சைகை காட்டிய கையோடு திரும்பி, பத்து மீட்டரை அளந்து நடந்து, புதிய குறியில் நின்றுவிட வேண்டும். நடக்கும்போது திரும்பிப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டே போவது, முடிந்துபோன விவாதத்தை நடுவரே மறுபடி தொடங்கிவைப்பதாகும்.

இந்தத் தண்டனை ஏன் இவ்வளவு பலிக்கிறது என்பதை அறிந்துகொண்டால் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ரக்பியில் நிலப்பரப்புதான் காசு. ஒரு பெனால்ட்டி உதைக்கு மூன்று புள்ளிகள். கம்பங்களிலிருந்து ஐம்பது மீட்டர் தொலைவில் உள்ள குறியிலிருந்து கோலுக்கு உதைக்கக் கிளப் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் துணிய மாட்டார்கள், அதுவே நாற்பது மீட்டர் என்றால் துணிபவர்கள் இருக்கிறார்கள். ஆக, ஒருவரின் வாய் மூன்று புள்ளிகளைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். கிரிக்கெட்டில் நடுவரின் முடிவை வெளிப்படையாக எதிர்ப்பவருக்கு ஆட்டம் முடிந்தபின் அபராதமும் குறைப்புள்ளியும் வந்து சேரும். இங்கே விலை அந்த நிமிடமே, சக வீரர்களின் கண்முன்னே கொடுக்கப்படுகிறது. அவர்களுடைய முறைப்பு நடுவரின் எந்த எச்சரிக்கையைவிடவும் வேகமாக வேலை செய்யும்.

பெனால்ட்டி பெற்ற அணியே வாய் நீட்டினாலும் வழி உண்டு. பெனால்ட்டி எடுக்கப்படுவதற்கு முன் அந்த அணியைச் சேர்ந்தவர் தவறாக நடந்தால், அதை எதிரணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இது பத்து மீட்டரைவிடக் கடுமையானது, ஆகவே அரிதாகவே கையிலெடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே ஆள் தொடர்ந்தால், அல்லது ஒரே தடவையில் அவமதிப்பு எல்லை மீறினால், மஞ்சள் அட்டை. பதினைந்து பேர் ஆட்டத்தில் பத்து நிமிடமும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் இரண்டு நிமிடமும் அவர் வெளியே இருப்பார். ஒரே ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் சிவப்பாகிவிடும். பத்து நிமிடம் ஓர் ஆள் குறைந்து ஆடுவது ஆட்டத்தையே புரட்டிப்போடக்கூடியது என்பதால், எரிச்சல் தணிந்தபின் கையைப் பையில் விட வேண்டும். அட்டையை எடுப்பதற்கு முன் ஒரு முழு மூச்சு இழுத்து விடுவதற்கான நேரம் நடுவருக்கு எப்போதும் உண்டு. கடிகாரம் அவர் சொன்னால்தான் ஓடும்.

வசை என்பது இந்தப் படிகளுக்குள் அடங்காது. நடுவரின் நேர்மையைக் குறைசொல்லும் சொல்லுக்கு எச்சரிக்கையும் இல்லை, பத்து மீட்டரும் இல்லை. 2013 மே மாதம் ட்விக்கனம் அரங்கில் நடந்த இங்கிலாந்து பிரீமியர்ஷிப் இறுதி ஆட்டத்தில், நார்த்தாம்ப்டன் கேப்டன் டிலன் ஹார்ட்லி இடைவேளைக்குச் சற்று முன் நடுவர் வேய்ன் பார்ன்ஸை நோக்கி ஏமாற்றுக்காரன் என்ற பொருளில் வசை கலந்து பேசியதற்காகச் சிவப்பு அட்டை பெற்றார். அந்தச் சொல் எதிரணியான லெஸ்டரின் ஹூக்கரை (முன்வரிசையின் நடு வீரர்) குறித்தது என்று அவர் விசாரணையில் வாதிட்டார், குழு ஏற்கவில்லை. பதினொரு வாரத் தடை வந்தது, அத்தோடு அவர் தேர்வாகியிருந்த பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியின் ஆஸ்திரேலியப் பயணமும் போயிற்று. நார்த்தாம்ப்டன் பதினான்கு பேரோடு இரண்டாம் பாதியை ஆடி, 37-17 என்று லெஸ்டரிடம் தோற்றது. இறுதி ஆட்டம், பெரிய மேடை, கேப்டன் என்பவை எதுவும் பார்ன்ஸின் கையைத் தடுக்கவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. சந்தர்ப்பத்தின் அளவைப் பார்த்து அன்று அவர் மஞ்சளோடு நிறுத்தியிருந்தால், அடுத்த வார இறுதியில் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் நிற்கும் நடுவருக்கு அதே சொல்லுக்குச் சிவப்பு காட்டுவது கடினமாகியிருக்கும்.

பேசும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012இல் அயர்லாந்து அணியான மன்ஸ்டருக்கும் இத்தாலிய கிளப்பான ட்ரெவிசோவுக்கும் இடையே நடந்த ஆட்டத்தில், தீர்ப்புகளைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்த ட்ரெவிசோ வீரரை வேல்ஸ் நடுவர் நைஜல் ஓவன்ஸ் அழைத்து, இங்கே நடுவர் நான், நீ அல்ல, இது கால்பந்து அல்ல என்று சொன்ன காட்சி இணையத்தில் இன்றும் சுற்றுகிறது. புதியவர்கள் பலர் அதையே நகலெடுக்க முயல்கிறார்கள்; வேண்டாம் என்பேன். ஓவன்ஸின் கிண்டலுக்குப் பின்னால் பல ஆண்டு ஆட்டங்களும் ஆட்டக்காரர்களின் நம்பிக்கையும் இருந்தன. ஐந்தாவது ஆட்டத்தை நடத்துபவர் அதே வாக்கியத்தைச் சொன்னால் அது நையாண்டியாகத்தான் ஒலிக்கும், எதிர்ப்பேச்சும் கூடும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு: ஆளைத் தனியே அழைப்பது, குரலை உயர்த்தாமல் பேசுவது, சுருக்கமாக முடிப்பது, முடித்தவுடன் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவது.

எதிர்ப்பேச்சு அதிகமாக வெடிப்பது ஆபத்தான டாக்கிளுக்கு (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) அட்டை காட்டும்போதுதான். அந்த நேரத்தில் முடிவுக்கு வந்த வழியைச் சொல்லிவிட்டால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும். தலையில் மோதல் நிகழ்ந்த சம்பவங்களுக்கு, ரக்பியின் உலக நிர்வாக அமைப்பான வேர்ல்ட் ரக்பி 2021இல் வகுத்த நடைமுறை நான்கு கேள்விகளாக உள்ளது: தலையில் தொடர்பு ஏற்பட்டதா, அது முறைகேடான ஆட்டமா, ஆபத்தின் அளவு என்ன, தண்டனையைக் குறைக்கும் காரணம் ஏதும் உண்டா. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு கேப்டனிடம் அதே வரிசையில் பேச வேண்டும்: “தலையில் பட்டது, நிமிர்ந்தபடியே வந்தார், வேகம் அதிகம், குறைக்கக் காரணம் இல்லை, சிவப்பு.” பெரிய போட்டிகளில் 2023 முதல் நடுவர் கைகளைக் குறுக்காகக் காட்டி மஞ்சளோடு அனுப்பிவிட, ‘பங்கர்’ எனப்படும் அறையில் இருக்கும் அதிகாரி எட்டு நிமிடத்துக்குள் அதைச் சிவப்பாக உயர்த்தலாம். 2023 உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேனின் மஞ்சள் இப்படித்தான் சிவப்பானது. தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கோலிசியின் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. 12-11 என்று முடிந்த அந்த ஆட்டத்தைப் பற்றிய வாதம் ஓயவில்லை என்றாலும், கேள்விகள் இரு தடவையும் ஒன்றே. உள்ளூர் மைதானத்தில் பங்கரும் இல்லை, மறு ஒளிபரப்பும் இல்லை. கண்ணால் பார்த்ததற்கு மட்டும் தண்டனை கொடுக்க வேண்டும், ஊகித்ததற்குக் கொடுக்கக் கூடாது.

சிவப்புக்குப் பிந்தைய தண்டனையை நடுவர் முடிவு செய்வதில்லை. அது ஒழுங்கு விசாரணைக் குழுவின் வேலை. நடுவரை வாய்மொழியாக வசைபாடியதற்குத் தொடக்கப் புள்ளி குற்றத்தின் தீவிரத்தைப் பொறுத்து ஆறு வாரம், பன்னிரண்டு வாரம், பதினெட்டு வாரமும் அதற்கு மேலும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், முந்தைய நல்லொழுக்கம் முதலிய காரணங்களுக்காக அதில் பாதி வரை குறைக்கலாம். குழு களத்தின் முடிவை மாற்றுவதும் உண்டு. 2023 ஆகஸ்டில் வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்து வீரர் ஓவன் ஃபாரெல் பெற்ற சிவப்பை முதல் குழு ரத்து செய்தது, வேர்ல்ட் ரக்பி மேல்முறையீடு செய்தபின் நான்கு ஆட்டத் தடை வந்தது. அப்படி ஒரு முடிவு மாறினால், நடுவர் அதைத் தனக்கு நேர்ந்த தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழுவிடம் பல கோணக் காட்சிகளும் மணிக்கணக்கான நேரமும் இருந்தன.

அந்தக் குழுவுக்கு நடுவர் கொடுக்கும் பொருள் அறிக்கை ஒன்றே. உடை மாற்றும் முன்பே குறிப்பெடுத்துவிட வேண்டும்: எத்தனையாவது நிமிடம், எத்தனை புள்ளிகள், தான் எவ்வளவு தூரத்தில் நின்றார், இடையில் யாராவது மறைத்தார்களா, முன்பு எப்போது எச்சரித்தார். வசை என்றால் அந்தச் சொற்களை அப்படியே, கூச்சப்பட்டு மாற்றாமல், புள்ளிகள் வைத்து மறைக்காமல் எழுத வேண்டும். “தகாத வார்த்தைகளால் பேசினார்” என்ற வரியை வைத்துக் குழுவால் தீவிரத்தை அளக்க முடியாது. அந்த ஆளின் குணத்தைப் பற்றிய கருத்துக்கும், என்ன தண்டனை தரலாம் என்ற யோசனைக்கும் அறிக்கையில் இடமில்லை. உதவி நடுவர் ஏதாவது கேட்டிருந்தால், இருவரும் கலந்து பேசி ஒரே வாசகத்தை எழுதாமல், அவர் கேட்டதை அவரே தனியாக எழுதித் தரட்டும்.