மச்சில் கம்ப்யூட்டர், பட்டாசலில் பாட்டு

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய வீட்டுச் சுவர்கள் நல்ல கனம். கம்ப்யூட்டர் மச்சில், அப்பாவின் ஆம்பும் பெரிய ஸ்பீக்கர்களும் கீழே பட்டாசலில். புளூடூத் அவ்வளவு தூரம் எட்டவில்லை. எட்டினாலும் அது பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தை அப்படிக் கேட்க எனக்கு மனசு வராது.

அதனால் வைஃபை வழி. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில், வைஃபையில் வரும் பாட்டை வாங்கும் ஷேர்போர்ட் சிங்க் என்ற மென்பொருளைப் போட்டு, டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் யுஎஸ்பி டாக் (DAC) ஒன்றை மாட்டி, அதிலிருந்து ஆர்சிஏ கேபிளை ஆம்பின் ஆக்ஸில் சொருகினேன். கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸிலிருந்து ஏர்பிளே, அதாவது வைஃபை வழியே பாட்டை அனுப்பும் ஆப்பிளின் வசதி. சிடி தரம், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், குறையாமல் வந்து சேர்கிறது.

சத்தம் அருமை, ஆனால் சாயங்காலமானால் ஆலாபனை நடுவில் விக்கும். கம்ப்யூட்டரும் வைஃபை, பையும் வைஃபை என்றால் ஒரே பாட்டு ரவுட்டருக்கு ஒரு தடவை, அங்கிருந்து பைக்கு இன்னொரு தடவை என்று காற்றில் இரண்டு முறை போகிறது, அதோடு பக்கத்து வீட்டு வைஃபைகளும் அதே நேரத்தில் மும்முரம். கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் இழுத்ததுமே பெரும்பாலும் சரியாகிவிட்டது. இதைத்தான் முதலில் செய்யுங்கள்.

அப்புறம் ரவுட்டரில் வைஃபை சேனல். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கனமான சுவரைத் தாண்டத் திணறும், ஆகவே 2.4-லேயே இருந்துகொண்டு ஆட்டோவை எடுத்துவிட்டு 11 வைத்தேன். 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. உங்கள் தெருவில் எது காலியோ அதை வையுங்கள்.

பையில் வைஃபை பவர் சேவிங்கையும் நிறுத்திவிடுங்கள். ரீபூட் ஆனால் திரும்ப வந்துவிடும், அதனால் அதை நிறுத்தும் கட்டளையை ஸ்டார்ட்அப்பிலேயே சேர்த்துவிடுவது நல்லது.