எதிர்காலத்துக்குப் போகும் கதைக்கு இரண்டு நாட்காட்டி

காலப்பயணக் கதை எழுத உட்காருமுன் ஒரு தாளின் நடுவே கோடு கிழியுங்கள். ஒரு பக்கம் பூமி, மறுபக்கம் கப்பல். இறந்தகாலத்துக்குப் போகும் ஆசையை ஒதுக்கி வைக்கலாம். அது கணக்குக்குள் அடங்காது. எதிர்காலத்துக்குப் போக வேகம் போதும்: வேகமாகப் போகும் கப்பலில் பூமியைவிட நேரம் மெதுவாக ஓடும்.

வேகத்தை ஒளிவேகத்தின் பங்காக எழுதுங்கள். 80 சதவீதம் என்றால் 0.8. அதன் வர்க்கம் 0.64, 1-இல் கழித்தால் 0.36, வர்க்கமூலம் 0.6. பூமியில் ஓடிய ஆண்டை இதால் பெருக்கினால் கப்பலில் ஓடியது கிடைக்கும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரம். அங்கே போக பூமிக்கு 5.3 ஆண்டு, கப்பலுக்கு 3.18. உடனே திரும்பினால் மொத்தம் 10.6, 6.36. வேகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: 10 சதவீதத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள்கூட மிச்சமாகாது.

பலர் சறுக்குவது கப்பலின் செயற்கை நுண்ணறிவில்தான். அவர்கள் கதையில் ஆட்களுக்கு வயது மெதுவாக ஏறும். இயந்திரம் மட்டும் பூமி நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். தப்பு. சிப்புக்கும் சதைக்கும் ஒரே கடிகாரம்தான். 1971-இல் ஹாஃபலே, கீட்டிங் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் பயணிகள் விமானங்களில் அணுக்கடிகாரங்களை ஏற்றி உலகைச் சுற்றியபோதே இந்த நேர வித்தியாசம் அளவில் தெரிந்துவிட்டது. ஆக, ஊர் திரும்பும் இயந்திரம் தன் பூமிச் சகாக்களைவிட நான்கு ஆண்டுக்கு மேல் அனுபவம் குறைந்த பழைய மாடல். கதையின் உயிர்நாடி இங்கேதான் என்பேன்.

அடுத்தது செய்தி. 0.8 வேகத்தில் விலகும்போது பூமியின் ஒரு மணி நேர ஒலிபரப்பைக் கேட்டு முடிக்க மூன்று மணி நேரமாகும். திரும்பும்போது 20 நிமிடம். பிராக்சிமாவைச் சென்றடையும் நாளில் கப்பலுக்குத் தெரிந்த கடைசிப் பூமிச் செய்தி, புறப்பட்டு 1.06 ஆண்டில் அனுப்பியது. மீதி 9.54 ஆண்டுச் செய்தியும் திரும்பும் 3.18 ஆண்டுக்குள் வந்து குவியும். மென்பொருள் புதுப்பிப்புகளும் அப்படியே.

இதெல்லாம் சீரான வேகத்துக்கு. எடுத்த எடுப்பில் 0.8-ஐத் தொட்டால் உள்ளே இருப்பவர்கள் கூழாகிவிடுவார்கள். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் அந்த வேகத்தை எட்ட கப்பல் கணக்கில் சுமார் 13 மாதம் ஆகும். பாதிவழி முடுக்கி, மறுபாதி அதே அளவில் பிரேக் போட்டால் பிராக்சிமாவுக்குப் பூமியில் 5.87 ஆண்டு, கப்பலில் 3.54. எரிபொருள் முழுவதையும் ஒளியாக்கும் கற்பனை எஞ்சினுக்கே, போய்ச் சேரும் ஒவ்வொரு டன்னுக்கும் புறப்படும்போது சுமார் 38 டன் எரிபொருள் வேண்டும். கதையில் அதைச் சொல்லும் பத்தியை வேகமாகக் கடந்துவிடுங்கள்.