சிரட்டையிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன்: தண்ணீரில் கரைந்த செம்பைப் பிடிப்பது எப்படி?

சிரட்டையைச் சும்மா மூட்டம் போட்டால் கிடைப்பது அடுப்புக்கரி. அதன் நுண்துளைகளில் பலவற்றைத் தார் அடைத்திருக்கும். அந்த அடைப்பை நீக்கினால்தான் ஆக்டிவேட்டட் கார்பன். காங்கேயம் பக்கத்து ஆலைகளில் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டுவார்கள். கல்லூரி ஆய்வகத்துக்கு அது கட்டுப்படியாகாது. பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்தால் 500 டிகிரியே போதும்.

1. சிரட்டையில் ஒட்டிய நாரைச் சுரண்டி, கழுவி, வெயிலில் காயவைத்து, இடித்து, 1–2 மி.மீ. துண்டுகளாகச் சலியுங்கள். 50 கிராம் போதும்.

2. 60 மில்லி தண்ணீரில் 85% அமிலம் 35 மில்லியை மெதுவாக ஊற்றிக் கலந்து, துண்டுகளை ஓர் இரவு ஊறவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

3. 110 டிகிரியில் உலர்த்தி, மூடி போட்ட பீங்கான் குரூசிபிளில் வைத்து, மஃபிள் உலையில் 500 டிகிரியில் ஒரு மணி நேரம். புகை வரும், எக்ஸாஸ்ட் ஓடட்டும். முழுக்க ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். சூட்டோடு காற்று பட்டால் மிஞ்சுவது சாம்பல்தான்.

4. கழுவுதல். என் முதல் கரி செம்பை மொத்தமாக இழுத்துவிட்டது என்று குதித்தேன். பிறகுதான் புரிந்தது: சரியாகக் கழுவாததால் அமிலத்திலிருந்து தங்கிய பாஸ்பேட், நான் பி.ஹெச்.சை உயர்த்தியதும் செம்போடு சேர்ந்து வீழ்படிவாகியிருந்தது. கரி பிடித்தது கொஞ்சம்தான். எனவே வெந்நீர்விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். பி.ஹெச். காகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் செய்த அம்மோனியம் மாலிப்டேட் சோதனையைக் கழுவிய நீரில் செய்யுங்கள். மஞ்சள் வராதபோது நிறுத்தலாம். பிறகு 110 டிகிரியில் உலர்த்திப் பொடியாக்குங்கள்.

5. ஒரு லிட்டரில் 0.2 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்தால் சுமார் 50 மி.கி. செம்பு இருக்கும். இரண்டு குடுவைகளில் 100 மில்லி வீதம் எடுத்து, ஒன்றில் மட்டும் 0.2 கிராம் கரி போட்டு, இரண்டையும் பி.ஹெச். 5-க்குக் கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். சோதனைக்குழாய்களில் சம அளவு ஊற்றி, அம்மோனியா சொட்டுகள் விட்டு, வெள்ளைக் காகிதத்தின்மேல் நிறுத்தி மேலிருந்து பாருங்கள். கரி போடாத குழாயில் நீலம் தெளிவாகத் தெரியும். மற்றதில் எவ்வளவு வெளிறியிருக்கிறதோ அதுதான் உங்கள் கரியின் மதிப்பெண்.

பி.ஹெச். 2-இல் இதையே செய்தால் கரி கைவிரிக்கும். செம்பு உட்கார வேண்டிய இடங்களை ஹைட்ரஜன் அயனிகள் பிடித்துவிடும். ராணிப்பேட்டையின் நிலத்தடி நீரைக் கெடுத்த ஆறு இணைதிறன் குரோமியம் நேர்மாறு: எதிர்மின் அயனியாக இருப்பதால் அமிலத்தில்தான் நன்றாக ஒட்டும்.

செம்பு இப்போது கரிக்குள் இருக்கிறது. அதைச் செடிக்குப் போடாமல் உலோகக் கழிவு டப்பாவில் சேருங்கள். வடித்த நீரைக் குடிக்க வேண்டாம். நீலம் வெளிறியதால் மட்டும் நீர் பாதுகாப்பானதாகிவிடாது. உதாரணமாக, குடிநீரில் ஈயத்துக்கு இந்திய வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி.; அந்த அளவை நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.