டொமினிக்காவில் பெருமழை: வெள்ளமும் மண்சரிவும் நெருங்கும்போது செய்ய வேண்டியவை

கிழக்குக் கரீபியனில் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் உள்ள டொமினிக்கா, சுமார் 750 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு. (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு; வெளியிலிருந்து உறவினர் நிலையை விசாரிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.) தீவின் நடுவே 1,400 மீட்டரைத் தாண்டும் மலைகள் நிற்பதால், சமதளம் என்பது ஆற்று முகத்துவாரங்களிலும் கடலோரத்திலும் சிறு துண்டுகளாகவே கிடைக்கிறது. ஆகவே பெரும்பாலான ஊர்கள் ஆற்றங்கரையில் இருக்கின்றன, அல்லது மலைச்சரிவில் இருக்கின்றன. முன்னதற்கு வெள்ளமும் பின்னதற்கு மண்சரிவும் ஆபத்து, சில ஊர்களுக்கு இரண்டுமே. இங்கே வசிப்பவர்களுக்கும், படிப்புக்கோ வேலைக்கோ வந்து தங்கியிருப்பவர்களுக்கும் உரிய வழிமுறைகள் இவை.

முதலில் புயலின் பெயரையும் வகையையும் வைத்து ஆபத்தை எடைபோடும் பழக்கத்தை விட வேண்டும். 2015 ஆகஸ்ட் 27 அன்று தீவைத் தாக்கிய எரிகா, சூறாவளியாக ஒருபோதும் வலுப்பெறாத வெப்பமண்டலப் புயல். அதன் மையம்கூடத் தீவுக்கு வடக்கே விலகித்தான் சென்றது. ஆயினும் தலைநகர் ரோசோவுக்கு அருகிலுள்ள கேன்ஃபீல்டு விமான நிலையத்தில் சில மணி நேரத்திற்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 30 பேரைத் தீவு இழந்தது. தென்கிழக்கில் உள்ள பெட்டீட் சவான் என்ற ஊரைச் சரிவுகள் சிதைத்து, சாலையையும் துண்டித்துவிட்டதால், மக்கள் அனைவரையும் படகுகளிலும் ஹெலிகாப்டர்களிலும் வெளியேற்ற நேர்ந்தது. பின்னர் அவர்களுக்கென வேறிடத்தில் குடியிருப்பு கட்டப்பட்டது. காற்றைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அன்று எந்த முன்னறிவிப்பும் இருந்திருக்காது. நாட்காட்டியையும் நம்ப முடியாது: சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று சொல்லப்பட்டாலும், 2013 டிசம்பர் 24 அன்று பெய்த மழை செயின்ட் லூசியாவையும் செயின்ட் வின்சென்டையும் டொமினிக்காவையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது.

மழைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். வீட்டுக்கு மேலே சரிவில் சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ மண் வெட்டப்பட்டிருக்கிறதா, மேலிருந்து இறங்கும் ஓடை வீட்டுக்கு எவ்வளவு அருகில் வருகிறது, அதன் குறுக்கே மரக்கட்டைகள் அடைத்துக்கொள்ளக்கூடிய தாழ்வான பாலம் உண்டா என்று கவனிக்க வேண்டும். இந்தத் தீவில் வெள்ளம் வெறும் தண்ணீராக வருவதில்லை. பாறையும் மரமும் சேறும் கலந்து வந்து, பாலத்தின் அடியில் அடைத்துக்கொண்டு, ஆற்றையே ஊருக்குள் திருப்பிவிடுகிறது. ஆகவே ஆற்றிலிருந்து தள்ளி இருப்பதாகத் தோன்றும் வீடும், பாலத்துக்குச் சற்று மேல்புறத்தில் இருந்தால் பாதுகாப்பானதல்ல.

அடுத்து, போய்ச் சேர வேண்டிய இடம். பேரிடர் மேலாண்மை அலுவலகம் அறிவிக்கும் அவசரகாலத் தங்குமிடங்கள் பெரும்பாலும் பள்ளிகளும் தேவாலயங்களுமே. உங்களுக்குரியது எது என்பதோடு, அதற்குப் போகும் வழியில் எத்தனை ஓடைகளைக் கடக்க வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஓடையைக் கடந்தால்தான் அடைய முடியும் என்றால், அந்தத் தங்குமிடம் மழை தொடங்குமுன் மட்டுமே பயன்படும். மழை பிடித்த பிறகு செல்வதற்கு, ஓடையைக் கடக்காமல் நடந்தே அடையக்கூடிய, மேட்டில் உள்ள உறவினர் அல்லது அண்டை வீடு ஒன்றை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில், அவசரப் பையில் என்ன வைப்பது என்ற நீண்ட பட்டியலைவிட இந்த ஒரு பேச்சு அதிக உயிர்களைக் காக்கும்.

பையைப் பற்றிச் சுருக்கமாக: நீர் புகாத உறையில் அடையாள ஆவணங்கள், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், டார்ச் விளக்கு, பேட்டரியில் இயங்கும் வானொலி, விசில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாட்களுக்கான தண்ணீர், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு.

மழை பெய்துகொண்டிருக்கும்போது

வானொலியைத் தொடர்ந்து கேளுங்கள். ஆனால் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆறுகள் மிகக் குட்டையானவை, செங்குத்தாக இறங்குபவை; மலையுச்சியில் கொட்டும் மழை, கீழே ஊரில் தூறல் மட்டும் இருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். நேர்ச்சுவருள்ள வாளி ஒன்றை வெட்டவெளியில் வைத்து, அதில் சேரும் நீரின் உயரத்தை அவ்வப்போது அளவுகோலால் பார்ப்பது எளிய வழி. முந்தைய நாட்களிலும் மழை பெய்து மண் ஊறியிருக்கையில் நீர்மட்டம் வேகமாக ஏறினால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். மண்சரிவில் இறப்பவர்களில் பலர் உறக்கத்தில் இருந்தவர்கள். பெருமழை இரவில் சரிவோர வீட்டில் தங்கவே நேர்ந்தால், ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருப்பது அவசியம்.

நிலம் நகரத் தொடங்கும்போது சில அடையாளங்களைக் காட்டும். தரையிலோ சுவரிலோ புதிய விரிசல், திடீரென இறுகித் திறக்க மறுக்கும் கதவு, சாய்ந்துவிட்ட மரம் அல்லது மின்கம்பம், வழக்கமாகத் தெளிவாக ஓடும் ஊற்றில் கலங்கல், சரிவின் அடிவாரத்தில் புதிதாகக் கசியும் நீர், பாறைகள் ஒன்றோடொன்று மோதுவது போன்ற உறுமல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டும். பொருட்களை எடுக்கத் திரும்பக் கூடாது. நேரம் இருந்தால் மட்டும் மின்சார மெயின் சுவிட்சையும் சமையல் எரிவாயு உருளையையும் மூடுங்கள்; தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றிலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அடையாளம் ஒன்று உண்டு. கொட்டும் மழையில் ஆற்றின் நீர் திடீரெனக் குறைந்தால், மழை ஓய்ந்தது என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். உண்மையில் மேலே எங்கோ சரிந்த மண் ஆற்றை அணைபோல் அடைத்திருக்கக்கூடும்; அந்த அணை உடையும்போது தேங்கியது முழுவதும் ஒரே வீச்சில் இறங்கும். லாயூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1997-இல் சரிந்த மண் அப்படித்தான் ஓர் ஏரியையே உருவாக்கியது. அந்த அணை 2011 ஜூலையில் உடைந்து, கீழே கடல் வரை வெள்ளம் பாய்ந்தது. அந்த அணை பல ஆண்டுகள் தாங்கியது. மழை நேரத்தில் உருவாகும் சிறிய அடைப்புகள் நிமிடங்களில் உடையலாம். எனவே மழையின் நடுவே ஆறு வற்றினால், அல்லது நீர் திடீரெனச் சேறாக மாறினால், வேடிக்கை பார்க்க ஆற்றங்கரைக்குச் செல்லாமல், கரையோர வீடுகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே மேட்டுக்குச் செல்லுங்கள்.

வெளியேறும் திசை

சேறும் பாறையும் இறங்கி வரும்போது பள்ளத்தாக்கின் வழியே கீழ்நோக்கி ஓடினால் அது உங்களை முந்திவிடும். அது வரும் பாதைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் உள்ள மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும். ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே ஒருவரை வீழ்த்தக்கூடும். 30 சென்டிமீட்டர் நீர் சிறிய காரை மிதக்க வைக்கும். 60 சென்டிமீட்டர் நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். சேற்று நீருக்கு அடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்பதே தெரியாத நிலையில், வண்டியை இறக்குவது எந்த ஓட்டுநருக்கும் தகாது. வெளியேறவே வழியில்லை என்றால், மாடி இருந்தால் மாடிக்கு ஏறி, மலைப்பக்கச் சுவரிலிருந்து மிகத் தொலைவான அறையில், கனமான மேசைக்கு அடியில் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அவசர எண் 999.

சரிவு நின்ற பிறகு

முதல் சரிவுக்குப் பின் அதே இடத்தில் இன்னொன்று வருவது அரிதல்ல. மீட்கச் சென்றவர்களையும் அது புதைத்துவிடலாம். ஆகவே மேலே சரிவைக் கவனிக்க ஒருவரை விசிலுடன் நிறுத்திவிட்டு, அவர் ஊதியதும் எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்த பின்னரே தேடலைத் தொடங்க வேண்டும். வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெயர் வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவ்வப்போது எல்லோரும் பேச்சையும் வேலையையும் நிறுத்தி, பெயர் சொல்லி அழைத்துவிட்டு, காது கொடுத்துக் கேட்க வேண்டும். இடிந்த வீட்டின் மேல் ஏறி நிற்காமல் ஓரத்திலிருந்து கையால் மண்ணை அகற்றுங்கள்.

சாலையும் தொலைபேசியும் சில நாட்கள் இல்லாமல் போகும் என்றே ஒவ்வோர் ஊரும் கணக்கிட வேண்டும். 2017 செப்டம்பர் 18 அன்று ஐந்தாம் வகைச் சூறாவளியாக மரியா கரையேறியபோது தொலைத்தொடர்பு முழுவதுமாக முடங்கி, முதல் செய்திகள் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் வழியாகத்தான் வெளியே சென்றன. பார்படோஸைத் தலைமையிடமாகக் கொண்ட கரீபியன் பேரிடர் மேலாண்மை முகமை அண்டை நாடுகளின் உதவியை ஒருங்கிணைக்கிறது என்றாலும், அந்த உதவி துறைமுகத்தையோ விமான நிலையத்தையோ வந்தடைந்து, அங்கிருந்து மலை ஊருக்கு ஏற வேண்டும். எரிகாவின்போது முதன்மை விமான நிலையமே வெள்ளத்தில் மூழ்கியது. எனவே ஊர்க் குழுவினர் ஹெலிகாப்டர் இறங்கத்தக்க திடல் ஒன்றையும், படகு அணையத்தக்க கரை ஒன்றையும் முன்பே குறித்து வைத்து, காயமடைந்தோர், கர்ப்பிணிகள், இன்சுலின் போன்ற மருந்து தேவைப்படுவோர் ஆகியோரின் பட்டியலை முதலில் வருபவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் எண்ணிக்கை கைமாறும்போது மாறிவிடுகிறது.

தண்ணீரும் நோயும்

குழாய் நீரும் ஊற்று நீரும் பாதுகாப்பானவை என்று அறிவிக்கப்படும் வரை, நீரைத் துணியில் வடிகட்டி, நன்கு கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடிக்கவும். எரிபொருள் இல்லையெனில், வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு பிளீச்சை லிட்டருக்கு இரண்டு துளி, நீர் கலங்கலாக இருந்தால் நான்கு துளி சேர்த்து, 30 நிமிடம் கழித்துப் பயன்படுத்தலாம். பெட்ரோலும் பூச்சிமருந்தும் கலந்த நீரை இவ்விரு முறைகளும் தூய்மையாக்காது. சேற்றை அள்ளும்போது பூட்ஸும் கையுறையும் அணிய வேண்டும், ஏனெனில் எலிகளின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் வெள்ளத்துக்குப் பின் கரீபியன் தீவுகளில் வழக்கமாகத் தலைகாட்டும் நோய். சேற்றில் இறங்கியவருக்கு அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் தோன்றினால், சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் சுகாதார மையத்துக்குச் சென்று, சேற்றில் வேலை செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குத் திரும்புவதற்கு முன், சரிவில் விரிசல் எதுவும் விரிந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்க, அதன் இருபுறமும் ஒவ்வொரு குச்சியை நட்டு இடைவெளியை நாள்தோறும் அளந்து வாருங்கள். இடைவெளி கூடினால், வானம் வெளுத்திருந்தாலும், அந்த வீட்டில் உறங்கக் கூடாது; அளவுகளை எழுதி ஊர் மன்றத்திடம் கொடுத்து, பொறியாளர் வந்து பார்க்கும் வரை தங்குமிடத்திலேயே இருங்கள்.